சித்தி போனை எடுக்காததற்குக் காரணம்

மைசூர்
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மகள் ஸ்வாதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கோழிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, அதைக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போன வாரம் இருந்த தொண்டைக்கட்டு விட்டு, மனசிலும் தெம்போடு இருக்க வேண்டும் என்று சாமுண்டி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பார்சலில் ராகி மாவு, கொள்ளுப் பொடி, அப்பா வாங்கிய ஸ்வெட்டர் எல்லாம் இருக்கிறது. ஸ்வெட்டர் கலர் பிடிக்காவிட்டாலும் ரூமுக்குள்ளாவது போட்டுக்கொள், கடையில் அரை மணி நேரம் நின்று தடவித் தடவிப் பார்த்து எடுத்தார். ஜோர்ஹாட்டில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது என்றாயே, லைப்ரரியில் இருந்து ஹாஸ்டலுக்குத் தனியாக நடக்காதே, அந்த ஒடிசாப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. பார்சலின் அடியில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் எதையும் நேராகச் சொல்ல மாட்டேன், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன், அது உனக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

சித்தி ஏன் போனை எடுக்கவில்லை என்று நாலு தடவை கேட்டுவிட்டாய். முதல் தடவை டவர் இல்லை என்றேன். "ஒரே தோட்டத்துல உங்களுக்கு டவர் வருது, வேலிக்கு அந்தப் பக்கம் வராதாம்மா" என்று சிரித்தாய். அடுத்த தடவை போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது என்றேன். அதற்கடுத்து மார்டள்ளியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன், நாலாவது தடவை பேச்சையே மாற்றிவிட்டேன். மூன்றும் பொய். சௌம்யா எங்கேயும் போகவில்லை, போன் நன்றாகத்தான் இருக்கிறது, நீ கூப்பிடும்போது அது அடிப்பது என் காதிலேயே விழுகிறது. அவள் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, அடித்து ஓயும் வரை கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் எடுக்காததற்குக் காரணம் நான். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் அதைவிட அசிங்கமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் எடுக்காத இந்த நாலு வாரமும் நீ தினமும் என்னோடு பேசினாய். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், அதுவும் "சரிம்மா வைக்கட்டா" என்று இரண்டு தடவை சொல்லி. இப்போதுதான் உங்கள் பூச்சியியல் வாத்தியார் மூக்கால் பேசுவதும், மெஸ்ஸில் மூங்கில் குருத்தை வாயில் வைத்துவிட்டு நீ விழித்ததும் எனக்கு முதல் ஆளாகத் தெரிந்தது. அதை விட எனக்கு மனசு வரவில்லை, அம்மிணி. கடிதம் இத்தனை நாள் தள்ளிப்போனதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். இந்தத் தோட்டத்தில் முட்டைக்கோழி என்று முதலில் ஆரம்பித்தது நான். அஞ்சு நாள் பயிற்சிக்குப் போனேன், நீ கைக்குழந்தையாக இருக்கும்போது எப்படியோ முடித்த அந்த பி.எஸ்சி. விலங்கியல் ஒரு வழியாகப் பிரயோசனப்படப் போகிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். கூண்டில் அடைக்காமல் வெளியில் மேயவிட்டு வளர்க்கும் கோழி, மருந்து கலந்த தீவனம் கிடையாது, நோட்டில் எல்லாம் எழுதி வைத்தேன், எந்த நாள் தடுப்பூசி, எந்த நாள் அசோலாப் பாசித் தீவனம், எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது என்று. நான் ஆரம்பித்து ஒரு வருஷம் கழித்து சௌம்யா மார்டள்ளியில் இருந்து பஸ்ஸில் ஒரு கூடையில் பன்னிரண்டு கோழியோடு வந்து இறங்கினாள், நானும் வளர்க்கிறேன் என்றாள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள், நோட்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் சிரித்தேன். ஆறு மாசத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு கோழி. அவள் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டால் அவள் கோழிகள் மட்டுமில்லை, என் கோழிகளும் வேலியோரம் வந்து நிற்கும். என்னுடையவை நான் வைத்த பெட்டியை விட்டுவிட்டுப் புதருக்குள் முட்டையிடும், அவளுடையவை வரிசையாகப் பானையில் போய் உட்காரும். சாயங்காலம் அடையும்போது என் கோழி அஞ்சாறு வழி தவறி அவள் கொட்டகையில் போய் ஏறிக்கொள்ளும், காலையில் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள். "உங்க பொண்ணுங்க ராத்தங்கல் முடிஞ்சு வந்துட்டாங்கக்கா, எண்ணிக்கோங்க" என்பாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டது.

சனிக்கிழமை சனிக்கிழமை சித்தப்பா வண்டியில் இரண்டு பேர் முட்டையும் ஒன்றாகத்தானே போகதி ரோடு அபார்ட்மெண்ட்டுக்குப் போகும், அங்கே லிங்கம்மா டீச்சர் பெயர் எழுதி வாங்கி எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பார். ஜூலையில் அந்த அபார்ட்மெண்ட் குரூப்பில் யாரோ ஒரு போட்டோ போட்டார்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றியது. ஒன்றின் கரு வெளிறிய மஞ்சள், இன்னொன்று நல்ல ஆரஞ்சு. கீழே இது உமாதேவி, இது சௌம்யா என்று அம்புக்குறி போட்டிருந்தது. அன்றிலிருந்து ஆரஞ்சு கொடுங்கள், ஆரஞ்சு கொடுங்கள் என்று ஒரே கேட்பு. அப்பாவிடம் காட்டினேன். "மஞ்சளா இருந்தா என்ன, ஆரஞ்சா இருந்தா என்ன, ஆம்லெட்டு போட்டா எல்லாம் ஒரே கலருதான், போய்த் தூங்கு" என்று ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் அந்த போட்டோவை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதே. ஐந்து நாள் பயிற்சிக்குப் போனவள் நான், நோட்டு எழுதினவள் நான், அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோழிகளோடு பேசிக்கொண்டு திரிகிறாள், அவள் முட்டைக்கு மட்டும் எங்கே இருந்து நிறம் வருகிறது என்று அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

முட்டை மட்டும்தானா காரணம் என்றால் இல்லை. ஜூன் லீவுக்கு நீ வந்தாயே, மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கின பிள்ளை, பையைத் திண்டில் போட்டுவிட்டு வேலித் தட்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாய். நான் அவரைப் பருப்பை முந்தின நாளே ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு வந்து சித்தி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாய், உன் வாயில் முட்டைப் பொரியல் வாசனை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது உனக்கு ஏழு வயசு, அவளுக்குப் பதினெட்டு, நான் காலையில் டியூஷன் சென்டருக்குப் போனால் பொழுதுபோய்த்தான் வருவேன், உனக்குத் தலை பின்னினது அவள், பேன் பார்த்தது அவள், நீ வயசுக்கு வந்த அன்றைக்கு முதலில் பார்த்ததும் அவள். எல்லாம் தெரியும். தெரிந்தும், அவளுக்கு ஒரு பிள்ளை இல்லை, அதனால் என் பிள்ளையை எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. நினைத்தேன், பல நாள் நினைத்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் தராசு வாங்க அவள் தீவன ரூமுக்குப் போனேன். அவள் இல்லை. தீவன மூட்டை மேல் ஒரு பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பொடி, தொட்டால் விரலில் ஒட்டியது. ஓகோ, இதுதான் சங்கதியா, கேசரிக்குப் போடுகிற கலர்பொடியைக் கோழிக்குப் போடுகிறாளா என்று எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. மூக்கருகில் கொண்டுபோயிருந்தால் பூ வாசனை தெரிந்திருக்கும். நான் கொண்டுபோகவில்லை. அவளைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று எனக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை சித்தப்பா வண்டியைத் திருப்பப் போனபோது படிக்கட்டில் லிங்கம்மா டீச்சர் வழக்கம்போல சௌம்யா முட்டையைப் புகழ்ந்தார். நான் குரலைத் தாழ்த்தி, நான் சொன்னதாக இருக்கக்கூடாது, அவளுடைய தீவன ரூமில் ஒரு கலர்பொடி பார்த்தேன், எதற்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். இவ்வளவுதான். அந்த "குழந்தைகளுக்கு" என்ற வார்த்தையை வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

இரண்டு நாளில் குரூப்பில், சௌம்யா முட்டை "சத்யக்கே பேடா", இப்போதைக்கு வேண்டாம் என்று வந்துவிட்டது. ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் ட்ரே ட்ரேயாக முட்டையை வைத்துக்கொண்டு பேக்கரி பேக்கரியாக அலைந்தாள், மிச்சத்தை அங்கன்வாடியில் கொடுத்தாள். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்கக்கா, யாரோ நம்ம பேரக் கெடுக்கறாங்க போலிருக்குதுங்க, உங்க முட்டைய மட்டும் எப்படியோ விட்டு வெச்சிருக்காங்க, சாக்கிரதையா இருந்துக்கோங்க" என்றாள். நம்ம பேரு என்றாள் பார். நான் ஆமாம் சௌம்யா, காலம் கெட்டுக் கிடக்கிறது என்றேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வாரம் அபார்ட்மெண்ட்டில் இருந்து வந்த ஆர்டரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் இருந்தது கண்ணு. இல்லை என்று உன்னிடம் எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

தசராவுக்கு முந்தின வாரம் அவள் வேலியோரம் வைத்திருந்த செண்டுமல்லி ஒரே பூவாகப் பூத்திருந்தது. ஆயுத பூஜைக்கு விற்கப் போகிறாயா என்று கேட்டேன். "இதெங்கக்கா விக்கறது, இதழ உதுத்து நெழல்ல காயவெச்சுப் பொடி பண்ணிக் கோழிக்குப் போடறனுங்க, அதுலதான் கரு செவக்குது. ஸ்வாதி சொல்லிக்குடுத்தா. முதல்ல உங்ககிட்டத்தான் சொன்னாளாமா, நீங்க மறந்துட்டீங்களாக்கும்" என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏப்ரலில் நீ போனில் ஏதோ வகுப்பில் படித்தேன் என்று பூவைப் பற்றி ஆரம்பித்தாய். நான் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டே, கோழி வளர்க்க எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம், உன் படிப்பைப் பார் என்றேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். சித்தி கேட்டாள், நீ அவளுக்குச் சொன்னாய். அவ்வளவு சின்ன விஷயம். நான் கலர்பொடி என்று சொன்னது என் மகள் சொல்லிக்கொடுத்த பூப்பொடி. அந்த நிமிஷமே அவளிடம் சொல்லியிருக்கலாம், தப்பு செய்துவிட்டேன் என்று. ஆனால் அப்போது எனக்குள் எழுந்தது வெட்கம் இல்லை, இவளுக்கு நீ சொல்லிக்கொடுத்தாய் என்ற எரிச்சல்தான். அவளைவிடச் சிவப்பாக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு கட்டினேன்.

செடி வைத்து, பூத்து, காயவைக்க எனக்குப் பொறுமை எங்கே. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மைசூரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் செண்டுமல்லிக் குப்பைதானே. லாரியில் கட்டினது, பஸ்ஸில் கட்டினது, விற்காமல் மார்க்கெட் வாசலில் கொட்டினது. கோணிப்பை நாலு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். பச்சையாகவே கிள்ளிக் குவியல் குவியலாகப் போட்டேன், கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்றன. மறுநாள் மத்தியானத்துக்குள் கால் மடங்கிப் படுக்க ஆரம்பித்தன, வாயில் கோழை வழிந்தது, கழுத்தைத் தூக்க முடியவில்லை. விற்பனைக்கு வளர்க்கிற பூவுக்கு எத்தனை தடவை மருந்தடிப்பார்கள் என்று உன்னைப்போல விவசாயம் படிக்கிறவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். விலங்கியல் படித்த எனக்கு, பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டின எனக்குத் தோன்றவில்லை. கோழிகளுக்குக் கழிச்சல் நோய் என்று உனக்குப் போனில் சொன்னேனே, அதுவும் பொய்தான். மொத்தம் முப்பத்தியொரு கோழி செத்தது. நீ பெயர் வைத்த அந்த மொட்டைவாலும் போய்விட்டது.

அப்பா ஷிப்ட்டில் இருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சௌம்யாதான் வேலித் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் தீவனம், தண்ணீர் எல்லாவற்றையும் கவிழ்த்தாள், பூவை ஒரு இதழ் விடாமல் கூட்டி அள்ளினாள், படுத்ததை எல்லாம் நிழலுக்குத் தூக்கினாள், கரித்தூளைக் கரைத்து ஒவ்வொன்றின் வாயையும் பிரித்து ஊற்றினாள், மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் பண்ணினதும் அவள்தான். டாக்டர் வந்து செத்த கோழி ஒன்றின் இரைப்பையை அறுத்துக் காட்டினார், நிறைய இதழ். ஊசி போட்டதில் மற்றவை தப்பின. மூன்று வாரத்துக்கு இந்த முட்டையை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்றார். தினம் தினம் வந்த முட்டையைத் தென்னைக்குக் கீழே குழி வெட்டிப் புதைத்தோம், முதல் வாரம் மண்வெட்டி பிடித்தவளும் அவள்தான். எதற்கு இந்தப் பூவைப் போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன், என் கோழி அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சும்மா கிடக்கிறது என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மிஞ்சின கோழிகள் கொஞ்சம் கொத்தித் தின்ன ஆரம்பித்தபோது, அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது நம்ம வேலியோரம் பூத்ததுங்கக்கா, ஒரு சொட்டு மருந்து படாதது, இதப் போடுங்க, அடுத்த மாசம் கலரு வந்துரும்" என்று நீட்டினாள். என்னால் கை நீட்ட முடியவில்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிக்கட்டு, லிங்கம்மா டீச்சர், குழந்தைகள் என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே" என்றாள். அப்புறம், "ரெண்டு மாசமா எங்கோழிங்களுக்கு என்னமோ சீக்குன்னு நெனச்சு ஒவ்வொண்ணையும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டிருந்தனுங்க" என்றாள். பிறகு ஸ்வாதிக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. நடந்ததை நான் சொன்னா பெத்தவளப் பத்திக் கோள் மூட்டுன மாதிரி ஆயிரும். நீங்க சொல்ற வரைக்கும் நான் அவகூடப் பேசுல" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள். தட்டியைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினாள். தீபாவளிக்கும் திறக்கவில்லை. சித்தப்பா மட்டும் சுற்றிக்கொண்டு வந்து, அப்பாவிடம் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனார். அப்பாவிடமும் அன்றைக்குத்தான் சொன்னேன். "கோழி செத்ததுக்கு உன்னத் திட்ட மாட்டேன், மத்ததுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார், இரண்டு நாள் அவரே காப்பி போட்டுக் குடித்தார்.

போன மாசம் கடைசிச் சனிக்கிழமை முட்டையே இல்லாமல் பஸ் ஏறி அபார்ட்மெண்ட்டுக்குப் போனேன். லிங்கம்மா டீச்சர் வீட்டில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், அதுவும் நல்லதுதான் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அது பூ இதழ், என் மகள் படித்துச் சொன்னது, பொறாமையில் நான் கலர்பொடி என்று சொன்னேன் என்று. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "நீவு ஓதிதவரு அல்வா" என்றார், படித்தவர்தானே நீங்கள் என்று. அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு அம்மாள் யாரை நம்புவது, இரண்டு பேருடையதும் வேண்டாம் என்றார். கடைசியில் பாதிப் பேர் சௌம்யாவிடம் மறுபடி வாங்கச் சம்மதித்தார்கள், மீதிப் பேர் கடை முட்டைக்குப் போய்விட்டார்கள். என் பெயரை லிஸ்ட்டில் அடித்துவிட்டார்கள், என் கண் முன்னாலேயே, ஸ்கேல் வைத்து. அவளுக்கு இந்தச் சேதியைச் சித்தப்பா மூலம் சொல்லி அனுப்பினேன். சரி என்றாளாம். அதோடு, ஸ்வாதிக்கு எழுதியாச்சா என்று கேட்டாளாம். அதைக் கேட்ட அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டும். மறுநாள் நீ போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினாய், நான் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளினேன். முந்தாநாள் நீ பேசும்போது குரல் மாறி, "சித்திக்கு என்மேல ஏதாச்சும் கோவமாம்மா, நான் என்ன பண்ணேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாய். நீ அழுகிறாய் என்று தெரிந்தது. நான் செய்ததற்கு நீ உன்னிடம் தப்புத் தேடிக்கொண்டிருக்கிறாய். அதற்கு மேல் என்னால் தள்ள முடியவில்லை.

நீ ஒன்றும் செய்யவில்லை, கண்ணு. உன்மேல் அவளுக்கு ஒரு துளி கோபம் இல்லை. செய்தது எல்லாம் நான். எனக்குப் பொறாமை போய்விட்டது, மனசு சுத்தமாகிவிட்டது என்று எழுதி உன்னைத் திருப்திப்படுத்த எனக்கு ஆசைதான், ஆனால் நேற்றுக்கூட என் கோழி ஒன்று வேலி தாண்டி அவள் கொட்டகையில் அடைந்துவிட்டது, காலையில் அதை வேலிக்கு மேலாக ஒரு வார்த்தை இல்லாமல் இந்தப் பக்கம் இறக்கிவிட்டாள், அது திரும்ப அவளையே பார்த்துக்கொண்டு நின்றது, எனக்கு அந்தப் பழைய எரிச்சல்தான் வந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும். இருந்தாலும் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன். என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நாலு நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடாதே, பரீட்சை வருகிறது, இந்தக் குப்பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படிப்பில் கோட்டை விடாதே. தெரியாத ஒன்றைக் கூட இருப்பவர்களிடம் கேட்க வெட்கப்படாதே, என்னைப் பார்த்தாவது அதைக் கற்றுக்கொள். இராத்திரியில் ஜன்னலைச் சாத்திப் படு. ராகி மாவைப் பார்சல் வந்த அன்றைக்கே டப்பாவில் மாற்றிவிடு, அந்த ஊர் ஈரத்துக்கு வண்டு வைத்துவிடும்.

சாமுண்டித் தாய் உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல புத்தியும் நல்ல சினேகமும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும், என் குணத்தில் எதையும் உனக்குக் கொடுக்காமல் விடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் சித்திக்குச் செய். அம்மா எழுதிவிட்டாள் என்று சொல், எடுத்த உடனே சொல், ஆனால் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், எடுக்க மாட்டாள், அதனால் போன் அடிப்பதற்கு முன்னால் ஒரு மெசேஜ் போட்டுவிடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. பிறகு என்னோடு பேசும்போது அவளிடம் எவ்வளவு நேரம் பேசினாய் என்று நான் கேட்கமாட்டேன், கேட்டாலும் நீ கொஞ்சம் குறைத்தே சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
உமாதேவி